பழைய வீடும் புதிய அயலும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்றனர் முன்னோர். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் நூறு, இருநூறு வருடப் பழைய வீட்டை வாங்கும் தமிழர் இதனோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: பிறர் கட்டிய வீட்டைத் திருத்திப் பார்.

நகரத்து நெருக்கடி போதும், இனித் தோட்டமும் அமைதியும் வேண்டும் என்று கிராமத்தை நாடுவது நியாயமான ஆசையே. ஆனால் திறப்பு கைக்கு வந்த மறுவாரமே சுவரை உடைக்கத் தொடங்குவது பெருந்தவறு. கூரையும் பீலியும் ஒழுகாமல் பார்த்துக்கொண்டு, மாரியும் கோடையும் ஒருமுறை கடந்து போகும்வரை பொறுத்திருப்பதே முதல் வருடத்துத் திருத்த வேலையாகும்.

காரணம் சுவரிலேயே உள்ளது. 1919ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வீடுகளிற் பெரும்பாலானவை நடுவில் இடைவெளியில்லாத திண்ணிய சுவர்களைக் கொண்டவை. கல்லையும் செங்கல்லையும் அங்கே பிணைத்து நிற்பது சுண்ணாம்புச் சாந்து. மழையில் சுவர் சிறிது நீரை உறிஞ்சும். வெயிலிலும் காற்றிலும் அந்நீர் சாந்தின் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் அந்த வழி அடைபடும். உள்ளே தங்கிய ஈரம் உறைபனிக் காலத்தில் விரிந்து செங்கல்லின் முகத்தையே உரித்துவிடும். வீட்டினுள் ஓதம் ஏறும். ஓதத்தைக் கண்டதும் மருந்தென்று மற்றொரு பூச்சு! ஓதத்தின் மூலமோ பலவேளைகளில் இலை அடைத்த பீலியாகவோ, வெளியே நிலமட்டத்துக்கு மேல் குவிந்த மண்ணாகவோ இருக்கும். மண்வெட்டியால் தீரும் குறைக்கு ஆயிரக்கணக்கில் பணம் போகிறது.

தமிழர் வீட்டுச் சமையலும் கவனிக்கப்படவேண்டும். சோறு வேகும் ஆவியும் பொரியல் புகையும் குளிர்ந்த சுவரிற் பட்டு நீராகும். குளிருக்கு அஞ்சிப் புகைபோக்கியையும் காற்றுத் துவாரங்களையும் அடைத்த வீட்டில் பூஞ்சணம் பிடிப்பதில் வியப்பென்ன?

சுண்ணாம்பு தமிழருக்குப் புதிதன்று. செட்டிநாட்டு மாளிகைகளும் யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவையே. அந்த அறிவை மறந்து இங்கே சீமெந்தை நாடுவது விசித்திரம். பழையதை இடித்துப் புதுப்பிப்பதிலும் பார்க்க, நாளாந்தப் பராமரிப்பால் அழிவைத் தடுப்பதே மேல் என்பதற்காக வில்லியம் மொரிஸ் 1877இல் ஒரு சங்கமே அமைத்தார். அச்சங்கம் இன்றும் இயங்குகிறது.

சட்டமும் அவசரத்துக்கு இடம் தருவதில்லை. பாதுகாப்புப் பட்டியலிலுள்ள வீட்டின் இயல்பைப் பாதிக்கும் மாற்றத்தை, அது உட்புறத்திலாயினும், அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முன்னைய சொந்தக்காரர் செய்த பிழையைத் திருத்தும்படி இன்றைய சொந்தக்காரருக்குக் கட்டளை வரலாம். முகட்டில் வௌவால் குடியிருந்தால் அதற்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் முதலாகப் பாதுகாப்பு உண்டு.

இவை யாவும் பணத்தாலும் நிபுணராலும் தீரக்கூடியவை. அயல் அப்படியன்று. எந்தத் திசை மழை சுவரை அடிக்கும், எந்த ஓடை பெருகும், முன்பு யார் எங்கே கிணற்றை மூடினார் என்பதெல்லாம் பக்கத்து வீட்டு முதியவருக்குத் தெரியும். வேலியோரத்தில் அவரோடு பத்து நிமிடம் பேசினால் அறியக்கூடியது எந்த அறிக்கையிலும் இராது. மாறாக, வந்ததும் உயர்ந்த மதிலை எழுப்பி, காணியூடாகச் செல்லும் பொது நடைபாதையை மறித்தால், சட்டத்தையும் ஊரையும் ஒருங்கே பகைத்ததாகும். கட்டட விண்ணப்பம் போகும்போது கருத்துச் சொல்லும் உரிமை அந்த ஊராருக்கு உண்டென்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாக் கதவும் உடனே திறக்கும் என்பதற்கில்லை. புதிய முகத்தைத் திரைச்சீலை மறைவில் நின்று பார்ப்போரும் இருப்பர். கிராம மண்டபத்துத் தேநீர்க் கூட்டத்துக்கு ஒரு தட்டு வடையுடன் போய், கதிரைகளை அடுக்கவும் கைகொடுத்தால் சில மாதங்களில் பெயர் சொல்லி அழைப்பர். கோயிலும் உறவும் தொலைவிலிருக்க, பனிக்கால இரவில் சுகயீனம் வந்தால் முதலில் வந்து கதவைத் தட்டப்போகிறவர் அந்த அயலவரே.

பழைய சுவர் மூச்சுவிட வழிவேண்டும். அதனுள் வாழ்வோருக்கும் அவ்வாறே.