வாலுக்கு என்ன விலை?

உங்க வீட்டு வாண்டு ஒரு இடத்தில் உட்கார மாட்டேங்கிறானா? ‘அப்படியே அவங்கப்பன்’ என்பார் பாட்டி. ‘ரெண்டு சாத்துங்க’ என்பார் வாத்தியார். ‘ஏ.டி.ஹெச்.டி.’ என்பார் டாக்டர். அப்போதுதான் பர்ஸுக்கு வியர்க்கும்.

என் நண்பர் மகனுக்கு வாரம் இரண்டு தெரபி. ஒரு தடவைக்கு 800 ரூபாய். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? மாதம் 6,400. அவர் சம்பளம் 18,000. மூன்றாவது மாதமே நிறுத்திவிட்டார்.

வேடிக்கை என்ன தெரியுமா? 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், 18 வயது வரை கண்டறிந்து இலவசமாகக் கவனிக்க வேண்டிய கோளாறுகளில் இதுவும் ஒன்று. அதற்காகவே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. நண்பரிடம் ஸ்கூல் சொல்லவில்லை. தெரபி சென்டர் சொல்லவே இல்லை. எந்தக் கடைக்காரர் ரேஷன் கடைக்கு வழி சொல்வார்?

2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டமோ 21 வகைகளை அடுக்குகிறது. அதில் ஏ.டி.ஹெச்.டி. என்ற பெயரே இல்லை. ஒரு காகிதத்தில் நோய், இன்னொன்றில் ஒன்றுமில்லை!

பிள்ளை மேல் கை ஓங்குமுன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், ‘அந்த மையம் எங்கே?’ என்று கேளுங்கள். தெரியாது என்றால் சத்தமாகக் கேளுங்கள். கவனக்குறைவு உங்க பையனுக்கு மட்டுமில்லை சார்!