பாசிக்குப் பெயர் வைப்பது வீண் வேலையா?

மலை மேல் ஏறி ஒரு சிட்டிகை மண்ணை எடுக்கிறார்கள். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "இந்தப் பாசி இன்ன இனம்" என்று எழுதுகிறார்கள். "இதற்கு ஒரு படிப்பா? இதற்குச் சம்பளம் வேறா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

மிகவும் தேவையான வேலை என்றே நான் சொல்வேன்.

பச்சை ஏடு

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. அங்கே ஆஸ்திரியா நாட்டின் டிரோல் பகுதியில், 2 ஆயிரம் மீட்டருக்கு மேலே போகப் போக மரங்கள் மறைந்துவிடும். பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும். பனி கரைந்ததும், பால் மேல் ஏடு படிவது போல, மண் மேல் பச்சையாக ஒரு படலம் தெரியும். பாசியும் அதில் சேர்ந்திருக்கிறது.

இந்தப் படலம் மண்ணைப் பசை போல ஒட்டிப் பிடிக்கிறது. மழையும் காற்றும் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் காக்கிறது.

யார் உறவு?

வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில பாசிகள் உருண்டை. சில பாசிகள் மணி கோத்த நூல் போல இருக்கும். 'கிளெப்சார்மிடியம்' என்பது நூல் பாசி. 'குளோரெல்லா' உருண்டைப் பாசி.

நெல்லுக்கும் வாழைக்கும் கிட்டிய உறவு நூல் பாசிதான். உருண்டைப் பாசி தூரத்து உறவு. பக்கத்தில் இருப்பவர் எல்லாம் பங்காளி ஆகிவிட முடியுமா?

பெயர் குழப்பம்

நூல் பாசிக்கு முன்பு 'ஹார்மிடியம்' என்று பெயர். அதே பெயர் ஓர் ஆர்க்கிட் பூச்செடிக்கும் இருந்தது. ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? 1972-ல் ஜெர்மன் அறிஞர் கிளெப்ஸ் நினைவாகப் பாசிக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்.

குளோரெல்லாவின் கதை இன்னும் வேடிக்கை. 1890-ல் ஹாலந்து விஞ்ஞானி பேயரிங்க் இந்தப் பெயரைச் சூட்டினார். பிறகு உருண்டையாக, பச்சையாக இருந்ததை எல்லாம் அதில் சேர்த்தார்கள். நூறு இனங்களுக்கு மேல் ஆகிவிட்டது! மரபணுவைச் சோதித்த விஞ்ஞானிகள், 1999-ல் நான்கே இனங்களைத்தான் உண்மையான குளோரெல்லா என்று ஏற்றார்கள்.

2014-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு நூல் பாசியின் மரபணுக்களை முழுவதும் படித்து வெளியிட்டார்கள். நீரில் இருந்த செடி நிலத்துக்கு வந்த கதையை அறிய அது உதவியது. ஆனால் அவர்கள் எழுதிய இனப்பெயர் சரியல்ல என்று பின்னர் திருத்த வேண்டி வந்தது.

எண்ண வேண்டாமா?

இன்று பூமியின் சூடு ஏறுகிறது. ஆல்ப்ஸ் பனி சுருங்குகிறது. எந்தப் பாசி அழிகிறது, எது பிழைக்கிறது என்று கணக்கு எடுக்க வேண்டும். பெயர் தெரியாமல் கணக்கு எடுக்க முடியுமா? வீட்டில் யார் யார் என்று தெரியாமல் யாரைக் காணோம் என்று சொல்ல முடியுமா?

ஆகவே, மலையில் மண்ணை எடுப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்த மலை மண்ணைக் காப்பவர்கள் யார் என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.