உட்கார்ந்து உண்ணும் ஒரு கிண்ணம்



அன்புச் சகோதரிகளே, ஷவ்வாலில் மதரஸா திறந்து மூன்றாவது வாரம் அது நடந்தது. அஸருக்குப் பின் நடக்கும் சிறுவர் வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி ‘ளாத்’ எழுத்தை மூன்று முறை பிழையாக உச்சரித்தாள். நாவின் ஓரத்தைக் கடைவாய்ப் பற்களோடு சேர்த்து எழுப்ப வேண்டிய ஒலி அது. பெரியவர்களுக்கே எளிதில் வாய்ப்பதில்லை. நான்காவது முறை நான் கத்தினேன். ‘கண்டித்தேன்’ என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நடந்தது கத்தல்தான். பிள்ளை அழவில்லை. கிதாபை மூடி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். மறுநாள் அவள் வரவில்லை.

அன்றிரவு உம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர்கள் அறிவுரை எதுவும் கூறவில்லை. “ஏன் புள்ள, காலையிலேர்ந்து நீ உட்கார்ந்து என்னத்தத் தின்னே?” என்று மட்டும் கேட்டார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். ஃபஜ்ருக்கு முன் எழுந்தது முதல் இடியாப்பத்தின் உடைந்த துண்டுகள், மகன் மிச்சம் வைத்த அரைத் தோசை, அடுப்பருகே நின்றபடி இரண்டு மிடறு தேநீர். பசியோடு இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் எதையும் உண்டேன் என்றும் சொல்ல முடியாது.

“நின்றுகொண்டு பருகாதே, உட்கார், பிஸ்மில்லாஹ் சொல்” என்று ஒவ்வொரு நாளும் நாற்பது பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவள் நான்!

அந்த வாரம் கறுத்துப்போன நான்கு பூவன் பழங்கள் வீட்டில் கிடந்தன. வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தில்தான் அவற்றை உரித்து, வட்டமாக நறுக்கி, தட்டில் பரப்பி, உறைபெட்டியில் வைத்தேன். இன்று நான் பேச வந்த செய்தி அந்தத் தட்டிலிருந்து தொடங்குகிறது.

செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நன்கு கனிந்த வாழைப்பழம் வேண்டும். தோலில் கரும்புள்ளி விழுந்த பழம்தான் சரியானது. தோலை முதலிலேயே உரித்துவிடுங்கள். தோலோடு உறைந்தால் பிறகு கத்தியால் செதுக்க வேண்டிவரும். துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி இரவு முழுவதும் உறைய விடுங்கள். மறுநாள் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் வைத்திருந்து, மிக்ஸியின் சிறிய ஜாரில் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் புட்டு மாவு போல் உதிரும். ‘கெட்டுவிட்டது’ என்று தோன்றும். பாலை ஊற்றிவிடாதீர்கள். ஓரங்களை வழித்துவிட்டு மீண்டும் ஓட்டினால் கட்டி கட்டியாகத் திரளும். மறுபடி வழித்து ஓட்ட வேண்டும். பிறகு ஒரு கணத்தில், எதிர்பாராத வேளையில், எல்லாம் குழைந்து வெண்ணெய் போல் ஆகிவிடும். அரைச் சிட்டிகை ஏலத்தூள் போதும். சர்க்கரை தேவையில்லை, பழம் கனியும்போதே அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கிறது. அந்தச் சர்க்கரைதான் அதைப் பாறையாக உறையவிடாமல் காக்கவும் செய்கிறது. காயான பழத்தில் இந்தப் பதம் கிடைக்காது.

மாம்பழத்திலும் செய்யலாம். இரண்டு பங்கனப்பள்ளிப் பழத்தின் சதைக்கு இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிர், ஒரு சிட்டிகை உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு. மாம்பழம் வாழையைப் போல் குழையாது. சற்றுச் சரசரப்பாகவே நிற்கும். அதுவும் ஒரு சுவைதான். நேந்திரம் பழத்தை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மணம் மற்ற எதையும் வாழவிடாது.

கடையில் வாங்கினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். ஆனால் வாங்குவதற்கு முன் உறையைப் படியுங்கள். ஐஸ்கிரீம் என்று நினைத்து நாம் வாங்கும் பலவற்றின் மேல் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றே அச்சிட்டிருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்த்தது என்பது அதன் பொருள். 471 என்ற எண்ணைக் கண்டு தயங்கி நிற்கும் சகோதரிகளையும் அறிவேன். அந்தச் சேர்க்கை தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். நம் நாட்டில் உறைமேல் உள்ள பச்சைப் புள்ளி அந்தத் தயக்கத்தைத் தீர்க்கும். நான்கு வாழைப்பழத்துக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படுவதில்லை.

என்றாலும் நான் சொல்ல வந்தது சிக்கனமோ சுத்தமோ அல்ல. மிக்ஸியின் முன் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு நேர்ந்தது வேறு. அந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. ஒரே மூச்சில் ஓட்டினால் ஜார் சூடேறிப் பழம் உருகிவிடும். வழிக்காமல் விட்டால் கத்தி வெறுமனே சுழலும். கண்ணும் காதும் அங்கேயே இருக்க வேண்டும். மிக்ஸியின் ஓசை மாறுவதைக் கவனிக்க வேண்டும். நாளைய பாடம், மின் கட்டணம், மாமியின் மருந்து என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும் எனக்கு, எத்தனையோ நாட்களுக்குப் பின் மனம் கை இருந்த இடத்தில் இருந்தது. இக்காலத்தவர் இதை ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்கிறார்கள். தொழுகையில் நாம் தேடும் ஹுளூரை, உள்ளம் ஓரிடத்தில் நிற்பதை, நான் இதற்குச் சமமாக வைக்கவில்லை. ஆனால் நாள் முழுதும் எதிலும் நிற்காத உள்ளம் தக்பீர் கட்டியவுடன் மட்டும் எப்படி நிற்கும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

லுஹருக்குப் பின், கொல்லைப்புறப் படியில் முருங்கை நிழலில் அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, ஒரு கிண்ணத்தை முழுவதுமாக உண்டேன். கைப்பேசி உள்ளே இருந்தது.

இங்கே இரு தரப்பாரோடும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. நம் இளம்பெண்கள் ‘செல்ஃப் கேர்’ என்று சொல்லும்போது அது பெரும்பாலும் செலவாகவே இருக்கிறது. ‘உனக்கு நீயே பரிசளித்துக்கொள்’ என்று விளம்பரம் சொல்ல, முகப்பூச்சும் பொருட்களும் பார்சலில் வந்து இறங்குகின்றன. மூத்தவர்களோ அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். “எங்கள் காலத்தில் ஸப்ரு செய்தோம்” என்கிறார்கள். அவர்களது பொறுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தன்னைக் கவனியாதிருப்பதும் பொறுமையும் ஒன்றல்ல.

ஸல்மான் (ரலி) அவர்கள் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்துக்குச் சென்ற நிகழ்வு புகாரியில் பதிவாகியிருக்கிறது. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தாவை ஸல்மான் முதலில் உண்ண வைத்தார்கள். தாம் மட்டும் உண்ண மறுத்து, அவரையும் உடன் உண்ணச் செய்தார்கள். பிறகு உறங்க வைத்தார்கள். இறுதியில்தான், இறைவனுக்கும் உன் ஆன்மாவுக்கும் உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடு என்ற கருத்தைச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை உண்மை என்று ஏற்றார்கள். வணக்கத்தில் எல்லை மீறும் ஆண்களுக்கு இந்த ஹதீஸை எடுத்துக்காட்டும் பயான்களைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வீட்டு வேலையில் எல்லை மீறித் தேய்ந்துபோகும் பெண்களுக்கு எடுத்துக்காட்டி நான் ஒருமுறையும் கேட்டதில்லை. அந்த நிகழ்வே ஒரு பெண், உம்முதர்தா (ரலி), தன் தோற்றத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டதை ஸல்மான் (ரலி) கண்ணுற்றதிலிருந்துதான் தொடங்குகிறது!

“பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் தாய் உண்பதா?” என்று ஒரு சகோதரி என்னிடம் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. பருவத்தின் முதல் கனி நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவரப்பட்டால் பரக்கத்துக்காக துஆ செய்து, அங்கிருப்போரில் மிகச் சிறிய பிள்ளையை அழைத்து அதைக் கொடுப்பார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. எங்கள் வீட்டிலும் முதல் கிண்ணம் கடைசி மகனுக்குத்தான். ஆனால் முதல் கிண்ணம் என்பது எல்லாக் கிண்ணமும் அல்லவே. நான்கு பழத்தில் மூன்று கிண்ணம் வரும். மூன்றாவது யாருடையது என்று நம் வீடுகளில் எவரும் கேட்பதில்லை, நாமே கேட்பதில்லை.

நன்றி என்று பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன். அத்தகாஸுர் அத்தியாயத்தின் இறுதி வசனம், அருட்கொடைகளைப் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம் என்கிறது. பசியோடு வெளியேறிய நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர், உமர் (ரலி) இருவரும் ஓர் அன்சாரித் தோழர் வீட்டில் பேரீச்சங்குலையும் இறைச்சியும் உண்டு நீர் பருகியபின், இந்த அருளைப் பற்றியும் கேட்கப்படும் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். இனிப்பும் குளிர்ச்சியும் உள்ள பானம் அவர்களுக்கு மிகவும் விருப்பமானது என்று ஆயிஷா (ரலி) அறிவித்ததாகத் திர்மிதியில் இருக்கிறது. குளிர்ந்த இனிப்பை விரும்புவதில் குற்றமேதும் இல்லை. நின்றபடி, வேறெதையோ எண்ணியபடி விழுங்கிய ஒன்றுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று நாவு சொல்லிவிடும். எதற்காகச் சொன்னது என்று அதற்கே தெரியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு கிண்ணம் பழக்கூழ் எந்தப் பெண்ணின் சுமையையும் இறக்கிவைக்காது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) கூறியது ஆண்களுக்குரிய பாடம். அதைப் படிக்காமல், “நீ ஐஸ் செய்து சாப்பிட்டு ஓய்வெடு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஜாரைக் கழுவாமல் போகும் கணவர் என் கட்டுரையைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். குளிர் நாவை மரத்துப்போகச் செய்வதால் இனிப்பு குறைவாகத் தெரியும். தெரியாமலேயே கூடுதலாக உண்டுவிடுவோம். சிறிய கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாமி இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், முணுமுணுத்தபடி. மின்தடை நேரத்தில் உருகி மீண்டும் உறைந்தது கற்கண்டு போல் கடினமாகிவிடும். அதை மறுபடி அரைக்காமல், உருகும்போதே பாலோடு கலந்து குடித்துவிடுவது நல்லது.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து, சுடுநீர் எடுத்துச்செல்லும் அகன்ற வாய் ஃப்ளாஸ்கில் மாம்பழக் கூழை நிரப்பிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு நடப்பதற்குள் பாதி இளகிவிட்டது. வாசலில் அவள் தாய் மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் குளிர்பெட்டி இல்லை. என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க உஸ்தாதா” என்று பதறினார். பிள்ளையை அழைத்து, நான் கத்தியது தவறு, என்னை மன்னித்துக்கொள் என்றேன். ஓர் ஆசிரியை மாணவியிடம் இப்படிக் கேட்பதை அந்தத் தாய் விரும்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிள்ளை தலையை ஆட்டிவிட்டு ஃப்ளாஸ்கையே பார்த்தாள்.

இரண்டு கிண்ணம் கேட்டேன். ஒன்று வந்தது. “எனக்கு வேண்டாம் உஸ்தாதா, அவ சாப்பிடட்டும்” என்றார் தாய். முறத்தை நானே எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, ஃப்ளாஸ்கின் மூடியில் மிச்சத்தை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பீடி குறைந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டிருப்பார். சுற்றும் எண்ணிக்கைக்குத்தானே கூலி. இதை எழுதும்போது அது என்னை உறுத்துகிறது. குளிர்பெட்டியும் மிக்ஸியும் உள்ள வீட்டிலிருந்து வந்து, ‘உட்காருங்கள்’ என்று சொல்வது எளிது. ஆனாலும் அவர் உட்கார்ந்தார். திண்ணையில் என் பக்கத்தில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கரண்டியில்லாமல் மூடியிலிருந்தே சிறிது சிறிதாகப் பருகினார். “இது நீலமா, பங்கனப்பள்ளியா?” என்று கேட்டார். பங்கனப்பள்ளி என்றேன். நீலம் வந்தபின் செய்தால் இன்னும் மணமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, மூடியைக் கழுவ உள்ளே எழுந்து போனார்.

இந்த வாரம் சந்தைக்கு நீலம் வந்திருக்கிறது. ஒரு கிலோ வாங்கி அரிசிப் பானையில் புதைத்து வைத்திருக்கிறேன்; வெள்ளிக்கிழமைக்குள் கனிந்துவிடும், இன்ஷா அல்லாஹ். ஃப்ளாஸ்கோடு இம்முறை மூன்று கிண்ணங்களும் எடுத்துப்போக வேண்டும்.