கோழிதானே!

ஆடு காணாமல் போனால் ஊரே டார்ச் லைட்டோடு கிளம்புகிறது. மாடு செத்தால் வி.ஏ.ஓ. வருகிறார். கோழி போனால்..? ‘கோழிதானே, விடு!’

திண்டுக்கல்லைச் சுற்றி எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதே வசனம்தான். சொல்வது பெரும்பாலும் ஆம்பளைங்க. பறிகொடுத்து நிற்பது பெரும்பாலும் பொம்பளைங்க.

போன மாசம் வேடசந்தூர் பக்கம் ஒரு வீட்டில் ஒரே ராத்திரியில் ஐந்து பெட்டைக்கோழிகள் காலி. “அடகு வைக்க நகை இல்லாத வாரத்துல ஒரு கோழியப் புடிச்சிக்கிட்டு சந்தைக்குப் போயிருவேன் தம்பி. எனக்கு அதுதான் பேங்க்கு” என்றார் அந்த அக்கா. பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் சொன்னார்: “கோழிதானே!”

நாட்டுக்கோழி இன்றைக்குச் சந்தையில் ஒன்று 500 ரூபாய் என்று வையுங்கள். ஐந்து கோழி 2,500. அண்ணனுடைய பைக்கிலிருந்து 2,500 ரூபாய்க்கு எவனாவது பெட்ரோலை உருவியிருந்தால் சும்மா விட்டிருப்பாரா? போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாய் விரித்திருக்க மாட்டார்?

ஆனால், விடு என்றவர் விடவில்லை. மறுநாள் ஒரு கடையில் பொட்டலமாக எதையோ வாங்கிவந்து, செத்த கோழியின் வயிற்றைக் கீறித் தடவி, வேலியோரம் போட்டுவிட்டார். “கீரி வேலைதான் தம்பி. திங்கட்டும், சாகட்டும்.” செத்தது என்ன தெரியுமா? நாலு காக்காயும், அவர் வீட்டு நாயும்!

கீரி செய்யவே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. கோழிகள் கிடந்த கிடையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ஐந்தும் ஐந்து திசையில், முதுகும் தொடையும் குதறப்பட்டு, ஒரு வாய்கூடத் தின்னப்படாமல் கிடந்தன. அது நாய். பசிக்காகக் கொல்லாமல், ஓடுவதைத் துரத்திக் கடித்துப் போட்டுவிட்டுப் போவது அதன் வழக்கம். கீரி என்றால் கழுத்திலும் தலையிலும் கடி இருக்கும். நரி வந்தால் பெரும்பாலும் இறகுதான் மிஞ்சும், கோழியையே தூக்கிக்கொண்டு போய்விடும். மரநாய் ஓட்டைப் பிரித்துக்கொண்டு மேலே இருந்து இறங்கும். குஞ்சு பட்டப்பகலில் மறைந்தால் பருந்து, வல்லூறு, காக்காய். ராத்திரியில் முட்டை மட்டும் காணோம் என்றால் பாம்பையோ பெருச்சாளியையோ சந்தேகப்படலாம். நம் பாட்டிகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. நமக்கோ எது போனாலும் கீரி!

கோவலன் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, அவசரப்பட்டுக் கீரியைக் கொன்ற ஒரு பெண்ணுக்கு உதவியது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அவளாவது கொன்ற பிறகு தவித்தாள். நாம் கொன்றுவிட்டு அடுத்த பொட்டலம் வாங்குகிறோம். அந்தக் கீரிதான் கடலைக் காட்டில் எலி பிடிக்கிறது. அதைக் கொல்வது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விஷக் கதையும் இப்படித்தான். போரேட் குருணைக்கு நாடு முழுக்கத் தடை வந்தது 2020 டிசம்பர் 31-ல். தடையில்லாத மருந்தாகவே இருக்கட்டும், அது பயிருக்கு என்று விற்கப்படுவது. கோழி வயிற்றுக்கு இல்லை. நாளைக்கு அதே வேலியோரம் ஒரு குழந்தை விளையாடப் போனால்..?

விஷம் வைத்தவர் கூட்டுக்குக் கதவு வைத்திருந்தாரா? அதுதான் இல்லை! கோழிகள் முருங்கை மரத்திலும் பாத்ரூம் சுவரிலும் அடைந்துகொண்டிருந்தன. முன்பெல்லாம் பொழுது சாயும்போது ஆத்தா தவிட்டைக் காட்டி ‘பா... பா...’ என்று கூப்பிட்டு, எண்ணி, பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல் வைப்பார். இப்போது அந்த அக்கா பொழுது சாயும்போது ஸ்பின்னிங் மில் ஷிஃப்ட்டில் நிற்கிறார். கோழியை அடைக்க வேண்டிய ஆறரை மணிக்கு வீட்டில் இருக்கும் இன்னொரு ஜோடிக் கை டீக்கடையில் பேப்பர் புரட்டுகிறது.

பூட்டுக்குப் பேர் போன ஊர் சார் இது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்தாயிற்று. இதே சீமையில் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வளர்க்கிறவர்களைப் பாருங்கள். பாதாம், முட்டை என்று ராஜ உபசாரம்... தனித்தனிக் கூண்டு, கம்பிக் கதவு! அது ஆம்பளை கௌரவம். பொம்பளையின் பெட்டைக்கோழிக்கு முருங்கைக் கிளை.

அரசாங்கமும் சளைத்ததில்லை. ஏழைப் பெண்களுக்கு 40 குஞ்சு, 50 குஞ்சு என்று கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். போட்டோவும் வருகிறது. ஆறு மாசம் கழித்து எத்தனை மிஞ்சியது என்று போட்டோ எடுக்க யாரும் வருவதில்லை. கோழிக்கு அரசு வைத்திருக்கும் விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வெள்ளம், புயலில் செத்தால் ஒன்றுக்கு 100 ரூபாய் என்றது 2022-26 பேரிடர் நிவாரண விதி. காங்கேயம், சென்னிமலைப் பக்கம் தெருநாய் கடித்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் ரோட்டுக்கு வந்த பிறகுதான், 2025-ல் தமிழக அரசு நாய்க்கடிச் சாவுக்கும் இழப்பீடு என்று வாய் திறந்தது. 2023-ம் வருஷத்து விதிப்படி நாய்களுக்குக் கருத்தடை செய்யவேண்டியது உள்ளாட்சி. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கழிவை மூட்டை கட்டி பைபாஸ் ஓரத்திலும் கண்மாய்க் கரையிலும் வீசுவது நாம். விருந்து வைத்து நாயை வளர்த்துவிட்டு, கீரிக்கு விஷமா?

கூடு ஒன்றும் கோட்டை இல்லை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நாலு கால். கடையில் ‘கோழி வலை’ என்று தரும் மெல்லிய கம்பி வலை கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்தான் வேண்டும். கீரிக்குச் சின்னச் சந்து போதும். தரையோடு போடும் கூடு என்றால், வலையை ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள். பருந்துக்குப் பயந்தால், குஞ்சு சின்னதாக இருக்கும் வரை பகலிலும் பஞ்சாரம்தான். கொண்டி மட்டும் போதாது, நாய் மூக்கால் தள்ளிவிடும். ஒரு பூட்டைத் தொங்கவிடுங்கள்.

அந்த அக்காவுக்கு மூன்று கோழிதான் மிச்சம், ஒன்று அடையில் இருக்கிறது. அண்ணே, ஆறரை ஆச்சு... டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்திரிங்க.