சிப்பாய்க்கு ஒரு கல்

புதுச்சேரியை அடுத்த நோணாங்குப்பத்தில் இறங்கிச் சுண்ணாம்பாற்றுப் படகுத் துறைக்குப் போகிறவர்கள் பழைய போர்க்களம் ஒன்றின் ஓரமாகத்தான் போகிறார்கள். 1748 ஆகஸ்டில் ஆங்கிலத் தளபதி போஸ்காவன் கடலூர்ப் பக்கமிருந்து புதுச்சேரியைப் பிடிக்கப் படையோடு வந்தார். வழியில் அரியாங்குப்பம் கோட்டை மறித்தது. முதல் தாக்குதல் தோற்றது. பிறகு வெடிமருந்து தீப்பற்றவே, பிரெஞ்சுக்காரர்களே கோட்டையைக் கைவிட்டார்கள். அதன்பின் நடந்த புதுச்சேரி முற்றுகையும் மழை தொடங்கிய அக்டோபரில் கலைந்தது. ஆங்கிலேயர் தரப்பில் ஐரோப்பியர் மட்டும் ஆயிரத்துக்கு மேல் மாண்டார்கள். பலரைக் கொன்றது நோய்.

அவர்களுக்கு வரிசைக் கல்லறைகள் எழவில்லை. தளபதிக்குக் கல்லறை, சிப்பாய்க்குக் குழி என்பதே அக்கால வழக்கம். மாடு ஓட்டியவனும் மூட்டை சுமந்தவனும் கணக்கிலேயே வரவில்லை.

சாதாரணச் சிப்பாய்க்கும் பெயர் பொறித்த கல் உண்டு என்ற எண்ணம் பிரிட்டிஷ் பேரரசில் 1917இல் போர்க் கல்லறை ஆணையம் அமைந்த பிறகே விதியானது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். சென்னை நந்தம்பாக்கத்துக் கல்லறையில் அதைக் காணலாம். பராமரிக்க முடியாத பல இடங்களிலிருந்து இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் உடல்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள், எண்ணூற்றைம்பதுக்கு மேல். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு 1938இல் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. இன்றும் ஜூலை 14ஐ ஒட்டி அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள்.

ஆனால் போர்க் கல்லறை ஆணையம் விதித்த சமத்துவம் எல்லோரையும் எட்டவில்லை. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர் உள்ளிட்டோரில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லும் நினைவே அமைக்கப்படவில்லை என்று அந்த ஆணையத்தின் சிறப்புக் குழுவே 2021இல் ஒப்புக்கொண்டது. நம்மை இன்னும் நெருங்கிச் சுடுவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே இறந்த நேச நாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறையில் சீரான புல்வெளியில் கிடக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்களோ பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கல் நட அவர்களுக்குப் பின்னால் எந்த அரசும் நிற்கவில்லை.

அரியாங்குப்பத்தில் விழுந்தவர்களின் பெயர்களை மீட்க இனி வழியில்லை. சயாமுக்குப் போனவர்களின் கதை அப்படியல்ல. அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களும் மலேசியத் தமிழ் அமைப்புகளும் வீடு வீடாகக் கேட்டுப் பெயர்ப் பட்டியல் ஒன்றை இப்போதே தொடங்க வேண்டும்.