பேட்டன்ட் தேதி பிறந்த தேதி அல்ல

என் நண்பரின் மகன் ஒரு பழைய ஃபோர்டு மாடல் ஏ காரை வாங்கி, நாலு வருஷமாக அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறான். போன மாதம் ஒரு ஸ்குரூ ஸ்பேனரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான்.

"அங்கிள், 1929 மாடல் ஏ டூல் பாக்ஸ்ல வந்த ஒரிஜினல். எட்டாயிரம் ரூபா."

கூடவே ஓர் அட்டை. அதிலும் 1929 என்று அச்சடித்திருந்தது. நாற்பது வருஷம் பட்டறையில் நின்றவனுக்கு அட்டையைவிட இரும்பின் மேல்தான் நம்பிக்கை. பிடியில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அமெரிக்க பேட்டன்ட் எண் ஒன்று தெரிந்தது. ஏழு இலக்கம். முதல் இலக்கம் 2.

"தம்பி, இது 1935-க்கு முன்னாடி பிறந்திருக்கவே முடியாது. மாடல் ஏ உற்பத்தி 1932-லயே முடிஞ்சுபோச்சு" என்றேன்.

பையன் முகம் வாடிப்போயிற்று. விற்றவருக்குப் போன் போட்டான். வந்த பதில்: "பழசுன்னா பழசுதானே சார், ஆறு வருஷம் முன்ன பின்ன இருந்தா என்ன?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

பழைய கருவி விற்பவர்களில் பலருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. இரும்பில் ஏதாவது ஆண்டு தெரிந்தால், அதையே கருவி செய்த ஆண்டு என்று அட்டையில் எழுதிவிடுவது. ஆண்டு தெரியாவிட்டால் வாய்க்கு வந்த ஆண்டைப் போடுவது. இரண்டுமே தப்பு. முதலாவது அறியாமை என்று மன்னிக்கலாம். இரண்டாவது ஏமாற்று.

பேட்டன்ட் தேதி என்பது ஒரு யோசனைக்கு அரசாங்கம் உரிமை கொடுத்த நாள். அந்த ஸ்பேனர் அடிக்கப்பட்ட நாள் அல்ல. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் உரிமை கொடுத்த நாளிலிருந்து 17 வருஷம் அது செல்லும். அத்தனை வருஷமும் அதே தேதியைப் பொறித்துக் கருவி அடித்துக்கொண்டே இருக்கலாம். உரிமை காலாவதியான பிறகும், அச்சு நன்றாக இருக்கும்போது எந்த முதலாளி அதை மாற்றுவான்? ஆக 1911 என்று பொறித்த ஸ்பேனர் 1925-இலும் வந்திருக்கலாம். அந்தத் தேதி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நான் இதற்கு முந்தியவன் அல்ல."

ஒரே கருவியில் இரண்டு மூன்று தேதி இருந்தால் கடைசித் தேதியைத்தான் எடுக்க வேண்டும். வியாபாரிகளோ முதல் தேதியைத்தான் படிக்கிறார்கள். 'பேட்டன்ட் பெண்டிங்' என்றிருந்தால் விண்ணப்பம் போட்டாயிற்று என்று அர்த்தம். உரிமை கிடைத்ததாக அர்த்தமில்லை.

எண்ணைப் படிப்பது இன்னும் சுலபம். அமெரிக்காவில் 1927 வரை சட்டம் கேட்டது பேட்டன்ட் தேதியை. அதற்குப் பிறகு எண்ணைப் பொறிக்கச் சொன்னது. அதனால் தேதி மட்டும் இருந்தால் பெரும்பாலும் பழையது, எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் பிந்தையது. பத்து லட்சமாவது பேட்டன்ட் 1911 ஆகஸ்ட் 8-இல், இருபது லட்சமாவது 1935 ஏப்ரல் 30-இல், முப்பது லட்சமாவது 1961-இல் கொடுக்கப்பட்டது. முதல் இரண்டுமே டயர் சம்பந்தப்பட்டவை என்பது நம்மைப் போன்ற கார்க்காரர்களுக்கு ஒரு சந்தோஷம். இந்த மூன்று ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் பாதி ஏமாற்று ஒழிந்தது.

இன்னொரு சூட்சுமம். அமெரிக்க பேட்டன்ட் செவ்வாய்க்கிழமைகளில்தான் வெளிவரும். தேய்ந்துபோன எழுத்தில் 1921 மார்ச் 3-ஆ, 8-ஆ என்று சந்தேகம் வந்தால் காலண்டரைப் பாருங்கள். 3 வியாழன், 8 செவ்வாய். விடை 8.

இங்கிலாந்துக் கருவிக்குக் கணக்கு வேறு. அங்கே 1915 வரை ஒவ்வொரு வருஷமும் எண் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஆண்டு தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1916 முதல் 100001-இல் தொடங்கித் தொடர்ச்சியாக ஓடுகிறது. ஜெர்மன் கருவியில் டி.ஆர்.பி. என்றிருந்தால் அது 1877-இல் தொடங்கி இரண்டாம் உலகப் போரோடு முடிந்த பேரரசுக் காலத்துப் பேட்டன்ட். அமெரிக்கக் கணக்கை இவற்றின் மேல் போட்டுவிட்டு ஆண்டு சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பொய் அட்டையைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. பளபளப்பாக இருந்தால் விலை கூடும் என்று பழைய கருவியை பஃப் சக்கரத்தில் பிடிப்பது. ஒரு நிமிஷத்தில் எழுத்து போய்விடும். பொய் அட்டையைக் கிழித்துப் போடலாம். போன எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நானே செய்த பாவம். பதினாறு வயதில் பட்டறையில் சேர்ந்தபோது, எங்கள் மேஸ்திரி தன் ஸ்பேனரைக் கொடுத்து, "துருவை எடுடா" என்றார். உப்புத்தாளால் வெள்ளி மாதிரி தேய்த்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து எங்கடா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த ஸ்பேனர் இன்று என்னிடம் இருக்கிறது. 'பேட்' என்ற எழுத்தும் கடைசி இரண்டு இலக்கமும்தான் மிச்சம். எந்த ஊரில், யாருடைய யோசனையில் பிறந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நண்பர் மகனின் ஸ்பேனருக்கு அந்தக் கதி இல்லை. முழு எண்ணையும் கம்ப்யூட்டரில் தட்டினோம். அமெரிக்க பேட்டன்ட் ஆவணங்களை இப்போது காசில்லாமல் பார்க்கலாம். கையிலிருந்த ஸ்பேனரின் தாடை, திருகு, பிடி எல்லாம் கோட்டோவியமாகத் திரையில் வந்தன. கண்டுபிடித்தவர் பெயரும் இருந்தது. "எட்டாயிரம் போனாலும் பரவாயில்ல அங்கிள்" என்றான் பையன். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. அவன் கொடுத்தது 1929-க்கான விலை.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டையில் "1935-க்குப் பிறகு" என்று எழுதுங்கள். ஒரே ஒரு சொல்தான் கூடுதல். அதற்குக் குறையும் விலை உங்களுடையது அல்ல.

வாசக நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ஸ்பேனர், ஜாக்கி ஏதாவது இருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். எடைக்குப் போடுவதற்கு முன் சாக்பீஸ் தேய்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.