எவர்சில்வர் தட்டைப் போடச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

அம்மாவின் வார்ப்பிரும்புப் பணியாரக்கல் துருவேறி, காயலான் கடைக்குப் போக இருந்தது. மீட்டுவிட்டேன். மொட்டைமாடியில் (குமிழியாக வருவது ஹைட்ரஜன், வீட்டுக்குள் கூடாது) பிளாஸ்டிக் வாளி, தண்ணீர், சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கல்லுக்கு நெகடிவ், அதை ஒட்டாமல் தொங்கும் பழைய இரும்புத் துண்டுக்கு பாசிடிவ். சாயங்காலம் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கையை விட்டால், துரு கறுப்புச் சேறாக உதிர்ந்தது.

பார்த்த நண்பர் சொன்னார்: "இரும்பு எதுக்கு? எவர்சில்வர் தட்டு போடுங்க சார், அரிக்காது." ஊரெல்லாம் இதே உபதேசம். இரும்பு அரித்தால் அரிக்கட்டுமே, காசா பணமா! எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. மின்சாரம் அதைக் கரைத்து ஆறு இணைதிறன் குரோமியமாக்கிவிடும். புற்றுநோய் தரும் நஞ்சு. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? அந்த வாளித் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள், முருங்கை மரத்தடியிலா?